ஒட்டுத்தோலும் எதிர்ப்பொருளும்: ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் அறிவியல் பக்கத்தில் உறுப்பு மாற்று பற்றி வந்த கட்டுரை எளிய நடையில் நன்றாக இருந்தது. ஒரு வரி மட்டும் இடறுகிறது. 'வேறொரு சுண்டெலியின் தோலை ஒட்டினால் உடல் அதை அந்நியம் என்று கண்டு, எதிர்ப்பொருள்களை ஏவிப் பத்து நாளில் உதிர்த்துவிடும்' என்கிறது அந்த வரி. பத்து நாள் கணக்கு சரி. உதிர்ப்பது யார் என்பதில்தான் ஆள் மாறிவிட்டது.

இன்னொரு சுண்டெலியின் தோலை முதன்முறை ஒட்டும்போது அதை உதிர்ப்பது டி செல் என்ற வெள்ளையணு. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் அந்தப் பத்து நாளில் இரத்தத்தில் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அது இல்லாவிட்டாலும் தோல் விழும். எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்களே இல்லாமல் மரபணு மாற்றி வளர்த்த சுண்டெலிகளும் அந்நியத் தோலை ஏறத்தாழ அதே கெடுவில் உதிர்த்துவிடுகின்றன. மறுபுறம், தைமஸ் சுரப்பி இல்லாமல், அதனால் டி செல்லும் இல்லாமல் பிறக்கும் மொட்டைச் சுண்டெலி எதையும் ஏற்றுக்கொள்ளும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில் பூனை, கோழி, பல்லியினம், மரத்தவளை ஆகியவற்றின் தோலை அதன் முதுகில் ஒட்டினார்கள். எல்லாம் பிடித்துக்கொண்டன. கோழித்தோலில் இறகுகூட முளைத்தது.

அப்படியானால் எதிர்ப்பொருளுக்கு இதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அது குறிவைக்கும் இடம் வேறு, அடி விழும் நாளும் வேறு. அதைத்தான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

தோல் ஒட்டும் வேலை எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் எளிது. தானம் தரும் சுண்டெலியின் வால்தான் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. வாலின் அடியில் வளையமாக வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வரும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் தசைநார் இழைகளைச் சுரண்டிவிட்டு, குளிர்ந்த உப்புக் கரைசலில் நனைத்த வடிதாளின் மேல் விரித்து, ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் சதுரமாக நறுக்க வேண்டும். ஒரு வாலில் நாலைந்து துண்டு தேறும். உடல்தோலை எடுத்தால் அடிக்கொழுப்பைச் சுரண்டும் வேலை கூடும், அது முழுதாக நீங்காவிட்டால் தோல் பிடிக்காது. வாலில் அந்தத் தொல்லை குறைவு.

தோலைப் பெறும் சுண்டெலிக்கு எடை ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் கீட்டமின், 10 மில்லிகிராம் சைலசின் என்ற கணக்கில் வயிற்றுக்குள் ஊசி. முன்னதாகவே வலி நிவாரணி. விலா ஓரத்தில் மயிரை வழித்து, போவிடோன் அயோடின் தடவி, இடுக்கியால் தோலைத் தூக்கி, வளைந்த கத்தரியால் ஒட்டுத்தோலைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டியெடுக்க வேண்டும். கவனம் வேண்டியது இங்கேதான். தோலுக்கு அடியில் பானிகுலஸ் கார்னோசஸ் என்ற மெல்லிய தசைப்படலம் உண்டு. மெல்லிய இரத்தக்குழாய்கள் ஓடுவது அதன் மேல்தான். கத்தரி முனை அதைக் கிழித்துவிட்டால் ஒட்டுத்தோலுக்குக் கீழே இரத்தம் கட்டி, தோலைப் படுகையிலிருந்து தூக்கிவிடும். பிறகு என்ன கட்டுப் போட்டாலும் பயனில்லை. தோலை வைக்கும்போது மயிர் எதிர்த்திசையில் இருக்கும்படி திருப்பி வைப்பது பழைய கைப்பழக்கம். பின்னாளில் வந்திருக்கும் புதுமயிர் யாருடையது என்ற சந்தேகம் அதனால் வராது.

மேலே வாசலின் தடவிய காஸ், அதற்கு மேல் மார்பைச் சுற்றி ஒட்டுக்கட்டு. கட்டு இறுகினால் மயக்கம் தெளியும்போதே மூச்சு முட்டும். தளர்ந்தால் ஒட்டுத்தோல் வழுக்கி விளிம்புக்குப் போய்விடும். ஒரே கூண்டில் இரண்டைப் போட்டால் ஒன்றின் கட்டை இன்னொன்று கடித்துக் கழற்றிவிடும், ஆகவே கூண்டுக்கு ஒன்றுதான். ஏழாம் நாள் கட்டைப் பிரிப்பது வழக்கம்.

பிரித்ததும் பார்க்க வேண்டியது இளஞ்சிவப்பு நிறத்தையும் மென்மையையும். அப்போதே வெளிறி, காய்ந்து, தகடுபோலக் கிடந்தால் அது நிராகரிப்புக் கணக்கில் சேராது, கைவேலைத் தவறு. அதனால்தான் அதே இனத்தின் (மரபணுவில் ஒன்றுபோலவே இருக்கும்படி வளர்த்த ஆய்வுக்கூடச் சுண்டெலி வகையின்) தோலை அதே இனத்துக்கு ஒட்டிய ஒரு குழு எப்போதும் கூடவே இருக்க வேண்டும். அந்தத் தோல் 100 நாள் கடந்தும் நிற்க வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரே இனம் என்ற நம்பிக்கையில் ஆண் தோலைப் பெண்ணுக்கு ஒட்டினால், சி57 கறுப்பு இனத்தில் சில வாரங்களில் விழுந்துவிடும். ஆணின் ஒய் குரோமோசோம் தரும் புரதத்தைப் பெண்ணின் டி செல் அந்நியமாகக் காண்கிறது. 1955-லேயே பதிவான விஷயம், இன்றும் புதிதாக வருபவர்களைக் கவிழ்ப்பது.

சரியாகப் பிடித்த அந்நியத் தோல், எச்-2 என்னும் இணக்க மரபணுக்கள் முழுக்க வேறுபட்டால், 8 முதல் 12 நாளுக்குள் சிவந்து, வீங்கி, விளிம்பிலிருந்து கறுத்து, பொருக்காகும். இதே சுண்டெலிக்கு அதே இனத்தின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் ஆறேழு நாளில் முடிந்துவிடும். இந்த 'இரண்டாம் முறை வேகம்' மனிதரிலேயே முதலில் கவனிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிளாஸ்கோ மருத்துவமனையில் தீக்காய நோயாளி ஒருவருக்கு அவருடைய சகோதரரின் தோல் துண்டுகளை இருமுறை ஒட்டிப் பார்த்து, தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும் 1943-இல் எழுதினார்கள். பிறகு மெடவார் முயல்களில் அதை விரிவாகச் செய்தார். 1960-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது, அதன் பின் நடந்த சகிப்புத்தன்மை ஆய்வுக்காக, அதாவது அந்நியத் திசுவை உடல் ஏற்கப் பழகுவது பற்றிய ஆய்வுக்காக.

நினைவாற்றலோடு வேகமாகத் தாக்குகிறது என்றால் தடுப்பூசிபோல எதிர்ப்பொருள்தானே காரணமாக இருக்க வேண்டும்? எல்லோருக்கும் தோன்றிய கேள்விதான் இது. தோலை உதிர்த்த விலங்கின் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள் மிதக்கும் இரத்தநீரை எடுத்து, புதிதாகத் தோல் ஒட்டிய விலங்குக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சீரத்துக்குப் பதில் நிணநீர்க்கணுச் செல்களைச் செலுத்தினால் வேகம் வந்தது. 1950-களில் இந்த முடிவு உறுதியானதும், ஒட்டுத்தோல் விஷயத்தில் எதிர்ப்பொருளை ஓரங்கட்டிவிட்டார்கள். அந்த முடிவில் பாதி சரி. மீதிப் பாதி, சீரத்தை எந்த நாளில், எந்த விலங்கில் செலுத்தினோம் என்பதில் சிக்கிக்கொண்டது.

புதிதாக வைத்த தோலில் முதல் இரண்டு நாள் இரத்த ஓட்டம் கிடையாது. படுகையிலிருந்து கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு, பஞ்சுபோல ஊறி உயிர் வைத்திருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் படுகையின் குழாய் முனைகள் தோலின் பழைய குழாய் முனைகளைத் தொட்டு இணையும். வார முடிவுக்குள் இரத்தம் தடையின்றி ஓடத் தொடங்கும். எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிதப்பது. அது ஒட்டிக்கொள்வதற்குத் தகுந்த அந்நியப் புரதம் தோல் செல்களிலும் உண்டு. ஆனால் அதன் கண்ணில் முதலில் படுவது குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் என்டோதீலியச் செல். குழாயே ஓடாத நாளில் சீரத்தைச் செலுத்தினால், பூட்டிய வீட்டு வாசலில் கடிதத்தைப் போட்டுவிட்டு வருவது மாதிரிதான்.

1973-இல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹென்றி வின், பால் ரஸ்ஸல் குழுவினர் நாளை மாற்றினார்கள். நோயெதிர்ப்பை முடக்கிவைத்த சுண்டெலிகள் மேல் எலியின் தோலை ஒட்டி, அது நன்றாகப் பிடித்து இரத்தம் ஓடும்வரை காத்திருந்து, அதன் பிறகே எலிக்கு எதிரான சீரத்தை இரத்தக்குழாயில் செலுத்தினார்கள். (தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது வெள்ளை எலி, கீழே 'சுண்டெலி' என்று போட்டிருக்கிறது. இந்தச் சோதனையில் ஒன்று கொடுப்பது, மற்றது வாங்குவது என்பதால் இரண்டையும் குழப்பக்கூடாது.) டி செல்லை ஏன் முதலில் முடக்க வேண்டும் என்றால், இல்லாவிட்டால் சீரம் செலுத்தும் நாளுக்கு முன்பே அது தோலை முடித்துவிடும், யார் செய்த வேலை என்றே தெரியாமல் போகும். விளைவு தெளிவாக வந்தது. அதுவரை செழிப்பாக இருந்த ஒட்டுத்தோல் வேகமாகச் சிவந்து, இரத்தம் கசிந்து, கறுத்துப் போனது. சுற்றியிருந்த சுண்டெலியின் சொந்தத் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர்ப்பொருள் தனியாக எதையும் கொல்வதில்லை என்பதும் அதே ஆய்வில் துலங்கியது. அது ஒட்டிக்கொண்ட இடத்தில், இரத்தத்தில் ஒன்றையொன்று தூண்டும் நிரப்புப் புரதங்கள் எனப்படும் காம்ப்ளிமென்ட் வரிசை தொடங்க வேண்டும். அந்த வரிசையின் சி5 புரதத்திலிருந்து பிரியும் சி5ஏ என்ற துணுக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களை அழைக்கும். நாகப்பாம்பு நஞ்சிலிருந்து பிரிக்கும் ஒரு புரதத்தைச் செலுத்தினால் இரத்தத்தில் அதே வரிசையைச் சேர்ந்த சி3 புரதம் சில நாளுக்குத் தீர்ந்துபோகும். அப்படித் தீர்த்துவிட்டு எதிர்ப்பொருளைச் செலுத்தினால் தோல் தப்பியது. நியூட்ரோஃபில்களைக் குறைத்துவிட்டாலும் தப்பியது.

சுண்டெலியின் தோலைச் சுண்டெலிக்கே ஒட்டும்போது இன்னொரு இடர். சுண்டெலியின் காம்ப்ளிமென்ட் இயல்பிலேயே நோஞ்சான். ஏ/ஜே, டிபிஏ/2, ஏகேஆர் போன்ற இனங்களில் சி5 அறவே கிடையாது. அதே 1973-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் கூனே குழுவினர், எதிர்ப்பொருளோடு முயலின் காம்ப்ளிமென்டையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் சுண்டெலி ஒட்டுத்தோல் உடனடியாக அழிந்தது. பழைய சீரச் சோதனைகள் பொய்த்ததற்கு இந்த இரண்டும், அதாவது ஓடாத குழாயும் வலுவற்ற காம்ப்ளிமென்டும், பெரிய காரணங்கள்.

முயல் காம்ப்ளிமென்டைக் கையாள்வது தனிக் கலை. மைனஸ் 70 டிகிரியில் சிறு குப்பிகளாக வைத்து, பனிக்கட்டி மேல் உருக்கி, உடனே பயன்படுத்த வேண்டும். மேசை மேல் மறந்து வைத்தால் வீரியம் போய்விடும். உருக்கியதை மறுபடி உறைய வைப்பதும் வீண். முயல் சீரத்திலேயே சுண்டெலிச் செல்களுக்கு எதிரான இயற்கை எதிர்ப்பொருள் கொஞ்சம் இருக்கும். குட்டி முயலின் சீரத்தில் அது குறைவு. இல்லாவிட்டால் குளிரில் சுண்டெலிச் செல்களோடு கலந்து அதை உறிஞ்சி நீக்கிவிட வேண்டும். 'முயல் சீரம் மட்டும்' என்றொரு ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையை நம்பக்கூடாது. வால் இரத்தக்குழாயில் ஒரே மூச்சில் ஏற்றும் அளவும் 20-25 கிராம் சுண்டெலிக்கு 0.2 மில்லிலிட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

1981-இல் பாஸ்டன் குழுவின் தொடர்ச்சிதான் கதையை முழுமையாக்கியது. புதிதாக வைத்த தோல் சீரத்தைத் தாங்கியது. குழாய் இணைந்த பின் சீரம் செலுத்தியபோது தோல் அழிந்தது. நீண்ட நாள் நிலைத்துவிட்ட தோல் மறுபடியும் தாங்கியது! காரணம், நாளாக நாளாக ஒட்டுத்தோலின் குழாய் உட்சுவரில் எலியின் செல் குறைந்து, அந்த இடத்தில் சுண்டெலியின் சொந்தச் செல் வந்து படிந்துவிடுகிறது. மேலே தோல் எலியுடையது, மயிர் எலியுடையது, உள்ளே ஓடும் குழாயின் சுவர் மட்டும் சுண்டெலியுடையது. எதிர்ப்பொருளுக்குப் பிடிமானம் இல்லை. ஒரே எதிர்ப்பொருள், ஒரே தோல், மூன்று வேறு நாளில் மூன்று வேறு விளைவு.

நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு சாவும் ஒரே மாதிரி இருக்காது. டி செல் கொன்ற தோலில், மயிர்க்கால்களைச் சுற்றியும் மேல்தோலின் அடி வரிசையிலும் லிம்போசைட்டுகள் (டி செல்லும் சேர்ந்த வெள்ளையணு வகை) மொய்த்திருக்கும், அடி வரிசைச் செல்கள் தனித்தனியாக மடிந்து கிடக்கும். எதிர்ப்பொருள் கொன்ற தோலில் முதல் மணி நேரங்களில் மேல்தோல் நன்றாகவே தெரியும். கெட்டிருப்பது குழாய்தான். உட்சுவர்ச் செல்கள் சுருங்கி விலகி, பிளேட்லெட்டுகள் அடைத்து, நியூட்ரோஃபில்கள் சுவரில் அப்பி, சிவப்பணுக்கள் வெளியே சிந்தியிருக்கும். தோல் அதன் பிறகு பட்டினியால் சாகிறது. உறையவைத்து வெட்டிய சீவலில் சி4டி என்ற காம்ப்ளிமென்ட் துணுக்குக்குச் சாயமேற்றினால் நுண்குழாய்கள் மோதிரம் மோதிரமாக ஒளிரும். எதிர்ப்பொருள் கழுவப்பட்டுப் போனாலும் சி4டி சுவரோடு வேதிப்பிணைப்பில் நிற்பதால், அது வந்துபோன தடயம் தங்கிவிடுகிறது.

இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளப்பதும் பலர் சறுக்கும் இடம். 25 கிராம் சுண்டெலியின் மொத்த இரத்தமே 2 மில்லிலிட்டருக்குள் என்பதால் ஒரு தடவைக்கு 0.1 முதல் 0.15 மில்லிலிட்டர் போதும். உறையவிட்டுச் சீரத்தைப் பிரித்து, 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி அதன் சொந்தக் காம்ப்ளிமென்டை அணைத்த பின், தானம் தந்த இனத்தின் மண்ணீரல் செல்களோடு 4 டிகிரியில் அரை மணி ஊறவைக்க வேண்டும். இரண்டு முறை கழுவி, ஒளிரும் சாயம் கட்டிய இரண்டாம் எதிர்ப்பொருளை இட்டு, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்க வேண்டும். மண்ணீரலில் பி செல்களும் ஏராளம். அவற்றின் மேல் அவற்றின் சொந்த எதிர்ப்பொருளே இருக்கும் என்பதால் சாயம் அதிலும் ஏறும். சீரம் போடாத குழாயிலேயே 'பாசிட்டிவ்' என்று வருவது இதனால்தான். டி செல்களைத் தனியே அடையாளமிட்டு அவற்றை மட்டும் எண்ண வேண்டும். முதல் வாரத்தில் தெரிவது பெரும்பாலும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள், ஐஜிஜி வகை உச்சத்துக்கு வருவது இரண்டு, மூன்று வாரத்தில். அதற்குள் தோல் விழுந்து பொருக்கும் உதிர்ந்திருக்கும். கட்டுரையாளர் சொன்ன வரிசை பொருந்தாது என்பதற்கு இந்தக் கால அட்டவணையே சாட்சி. ஐஜிஜியிலும் எல்லாம் ஒன்றல்ல. சுண்டெலியின் ஐஜிஜி2 வகைகள் காம்ப்ளிமென்டை நன்றாகத் தூண்டும். ஐஜிஜி1 அவ்வளவாகத் தூண்டாது. மொத்த அளவை மட்டும் எழுதிவிட்டு வகையைச் சொல்லாத ஆய்வறிக்கை பாதி அறிக்கைதான்.

சில சூழலில் எதிர்ப்பொருள் அந்நியத் திசுவை மூடிக் காப்பாற்றுவதும் உண்டு. சுண்டெலிக் கட்டிகளில் 1950-களிலேயே அதைப் பார்த்தார்கள். தோலில் அந்தக் காவல் வலுவாக அமைவதில்லை என்பதால் இங்கே நீட்டவில்லை.

சிறுநீரகத்துக்கு வருவோம். அங்கே தமனியைத் தைத்துக் கவ்வியை எடுத்த நொடியே முழு இரத்தமும் பாய்கிறது. உட்சுவர் முழுக்கத் தானம் தந்தவருடையது. தோலுக்குக் கிடைத்த அந்த முதல் சில நாள் மறைவிடம் அதற்கு இல்லை. மனிதரின் காம்ப்ளிமென்டோ சுண்டெலியுடையதைப் போல நோஞ்சானும் அல்ல. 1969-இல் படேலும் டெரசாக்கியும் வெளியிட்ட கணக்கில், நோயாளியின் சீரம் தானம் தந்தவரின் செல்லைக் கொல்கிறது என்று முன்சோதனையில் தெரிந்தும் பொருத்திய 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன. அப்படித் தெரியாத 195-இல் 8 மட்டுமே. இன்று தமிழ்நாட்டிலும் உறுப்பு மாற்றுக்கு முன் 'கிராஸ்மேட்ச்' எனப்படும் இந்த முன்சோதனையைப் பார்க்காமல் அறுவை அரங்குக்குப் போவதில்லை என்றால் அந்தக் கணக்குதான் அடிப்படை.

தீக்காயத்துக்கு இறந்தவரின் தோலைத் தற்காலிகமாகப் போர்த்துகிறார்கள். உயிர் காக்கும் சிகிச்சை அது, தோல் தானத்தை யாரும் தயங்க வேண்டியதில்லை. அந்தத் தோல் சில வாரத்தில் விழுந்துவிடும் என்று தெரிந்தே போர்த்துகிறார்கள். ஆனால் அது விழுந்த பின்னும் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கலாம். அதே நபருக்குப் பின்னாளில் கையோ முகமோ சிறுநீரகமோ பொருத்த நேர்ந்தால், பொருத்தமான கொடையாளர் கிடைப்பது அதனால் அரிதாகிவிடும். தீக்காயப் பிரிவின் கோப்பில் 'வேறொருவர் தோல் போர்த்தப்பட்டது' என்ற குறிப்பும் தேதியும் இருக்க வேண்டிய காரணம் இது. பன்றித்தோலில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை பன்றியின் குழாய்ச் சுவரில் உண்டு, மனிதரில் இல்லை. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் நம் எல்லோர் இரத்தத்திலும் முன்கூட்டியே இருக்கிறது. அந்தச் சர்க்கரையை நீக்கி வளர்த்த பன்றியின் உயிருள்ள தோலை 2019-இல் ஒரு தீக்காய நோயாளிக்குத் தற்காலிகமாகப் போர்த்தினார்கள். நடந்த இடம், அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இவ்வாறு போடலாம்: 'அந்நியத் தோலைப் பத்து நாளில் உதிர்ப்பது பெரும்பாலும் டி செல்கள். எதிர்ப்பொருள் இரத்தத்தில் முன்பே இருந்து, ஒட்டுத்தோலின் குழாய்ச் சுவர் இன்னும் தானம் தந்த விலங்கின் செல்லாகவே இருந்தால், அது அந்தக் குழாய்களை அடைத்துத் தோலைக் கொல்லும்.' படத்தின் கீழே 'எலி' என்று மாற்றிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
விலங்கு ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் வாசகர்கள்,
சென்னை.